சுவரில் பத்துப் படிகள், வார்டில் ஒரே நர்ஸ்

மகப்பேறு மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். ‘தாய்ப்பாலுக்கு உகந்த மருத்துவமனை’ என்று பலகை மாட்டும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வகுத்து, 2018-இல் திருத்திய, தாய்ப்பால் ஊட்டுவதற்கான பத்துப் படிகள் எங்களுக்கு மனப்பாடம். பிறந்ததும் தாயின் நெஞ்சோடு குழந்தையைச் சேர்ப்பது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், இரவும் பகலும் தாய் பக்கத்திலேயே குழந்தை. இதில் எதையும் நாங்கள் தப்பென்று சொல்லவில்லை.

இரவு இரண்டு மணி. சிசேரியன் முடிந்து ஆறு மணி நேரமான அம்மா, கையில் டிரிப்ஸ், புரண்டு படுக்க முடியவில்லை. குழந்தை காம்பைத் தேடுகிறது, பற்றுகிறது, நழுவவிட்டு வீறிடுகிறது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, காம்போடு கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போகும்படி பிடிக்கவைக்க முக்கால் மணி நேரம் ஆகும். பால் பவுடர் கரைக்க ஐந்து நிமிடம். அதே நேரத்தில் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு ரத்தப்போக்கு. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். செய்தும் இருக்கிறேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுங்கள். எத்தனை கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்று பார்க்கும்போது தாய் மட்டும்தான் எண்ணிக்கையில் வருகிறார். பக்கத்தில் கிடக்கும் குழந்தை யார் பொறுப்பு?

தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொல்லத் தயங்குபவர்கள் டாக்டர்களிலும் உண்டு. குழந்தைக்குச் சர்க்கரை குறைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதே. மருத்துவக் காரணம் இருந்தால் வேறு பால் கொடுக்கலாம் என்று அந்தப் படிகளே சொல்கின்றன. ஆனால் ‘பால் ஊறவில்லை’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது மருத்துவக் காரணம் ஆகாது. ஒரே நாளில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பெற்றவள் யாரை நம்புவாள்? தாய்ப்பால் பற்றிய பயிற்சி, ஆபரேஷன் தியேட்டர் ஊழியருக்கும் ஆயாவுக்கும் சேர்த்துத்தான் வேண்டும்.

பால் பவுடர் விற்பனையையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981-லேயே வந்துவிட்டது. பால் பவுடர் கம்பெனி கொடுத்த காலண்டரை முதலில் கழற்றுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கடைசியாக ஒன்று. பிரசவ ரெஜிஸ்டரில் பிறந்த நேரத்துக்கும் எடைக்கும் கட்டம் இருக்கிறது. முதல் பால் கொடுத்த நேரத்துக்கும் ஒன்று போடுங்கள். அது காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அன்று இரவு எத்தனை பேர் டியூட்டியில் இருந்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்கிறோம்.

இப்படிக்கு,
பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி