மழைச் சாலையிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நியூசிலாந்தின் மேற்குக் கடற்கரைக்குப் போய் வந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அம்மா வாங்கிவிட்டார். ஆனால் மலைப்பாதையில் பஸ் ஓட்டியே வாழ்ந்த உங்களுக்கு இந்த ரோட்டைப் பற்றி விவரமாகச் சொல்லாமல் எப்படி?

எங்கள் ஊரான கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பும்போது நல்ல வெயில். ஆர்தர்ஸ் பாஸ் கணவாயைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சதர்ன் ஆல்ப்ஸ் மலையில் முட்டி, மேற்கிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. எங்கள் ஊரில் வருடத்துக்கு 600 மி.மீ. பெய்தாலே பெரிது, மேற்குக் கரையில் இருக்கும் ஹோகிடிகாவில் 2,800 மி.மீ.க்கும் மேல். நம் மேற்குத் தொடர்ச்சி மலை கேரளாவை நனைத்து, தமிழ்நாட்டுப் பக்கத்தைக் காயவிடுவது போலத்தான்.

கணவாய்க்குக் கீழே ஓடிரா பாலம். மலைச்சரிவு ஓயாமல் சரிந்ததால், பள்ளத்தாக்கில் தூண் நாட்டி 440 மீட்டருக்கு ரோட்டையே தூக்கிவிட்டார்கள், 1999-இல். கண்ணாடியில் மழை அறைய, கீழே ஆறு நுரைத்து ஓட, இரண்டாவது கியரில் இறங்கினோம். இன்ஜினைப் பிடித்து இறக்கு, பிரேக்கைத் தேய்க்காதே என்பீர்களே, அதே சரிவு!

அப்புறம் தெற்கே ஹாஸ்ட் என்ற ஊர் வரை ஒரு பக்கம் காடு, அவ்வப்போது மறுபக்கம் கடல். மழை வலுத்ததும் பாறையில் எங்கு பார்த்தாலும் அருவி. 1965 வரை பரிங்காவுக்கும் ஹாஸ்டுக்கும் நடுவே வண்டிச்சாலையே கிடையாதாம். வழியில் நிறைய ஒருவழிப் பாலங்கள். நம் பக்க அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நிற்க வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் நாம் முதலில் போகலாம். ஆள் இல்லை, சிக்னல் இல்லை. எதிரே வந்த பெரிய லாரி எனக்காக ஓரங்கட்டி நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து விரலை மட்டும் உயர்த்தினார். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மழை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்பேன். அந்தக் காடும் அருவியும் மழை போட்டதுதான்.

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். லைசென்ஸ் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வையுங்கள். இங்கே வந்ததும் ஹாஸ்ட் வரை வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைப்போம்.

அன்புடன்,
உங்கள் மகள்