பம்பரில் கீறல் விழட்டும்

ஏற்காடு அடிவாரம்,
சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாயிக்கு முட்டி வலி தேவலை. இந்தக் கடிதத்தோடு அம்மா ஒரு பொட்டலம் தட்டுவடையும் டப்பாவில் காரச் சட்னியும் கொடுத்து விடுகிறாள். சட்னியை அன்றைக்கே தீர்த்துவிடு, தாங்காது. கேரட்டும் பீட்ரூட்டும் அங்கேயே துருவிக்கொண்டால் செட்டுப் போட்டுச் சாப்பிடலாம், பெரியம்மாவுக்கும் கொடு.

தினமும்தான் போனில் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். நானும் டயரில் காற்று எவ்வளவு, தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சனிக்கிழமை பந்தய வீரர்களை எடுக்கிற தேர்வில் நீ வண்டியில் உட்காருவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கோயம்புத்தூர் பந்தயம் முடிந்து வந்த மறுநாள் காலையில் உன் கார்ட்டை, அந்தக் குட்டிப் பந்தய வண்டியை, கழுவினேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு முன் மூக்கு, இரண்டு பக்கப் பம்பர், பின் பம்பர் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. ஸ்டிக்கரின் ஓரம்கூடப் பிரியவில்லை. அன்றைக்குப் பிட்டில், வண்டிகளைத் தயார் செய்கிற இடத்தில், மற்றப் பிள்ளைகளின் வண்டிகளைப் பார்த்திருந்தேன், பம்பரெல்லாம் பூனை பிறாண்டிய மாதிரி இருந்தது. நம்முடையது ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறக்கிய மாதிரி. "எம்புள்ள வண்டிய எப்படி வெச்சிருக்கா பாரு" என்று பட்டறைப் பையனிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. தகுதிச் சுற்றில் நீ மூன்றாவது. பந்தயத்தில் உன்னுடைய நல்ல சுற்றுக்கும் ஜெயித்த பையனின் நல்ல சுற்றுக்கும் ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஆனால் ஒன்பதாவதாக முடித்தாய். ஏன் என்று கேட்டபோது, "வண்டி திரும்பலப்பா" என்றாய். நான் நம்பினேன்.

மூன்று ராத்திரி அந்த வண்டியோடு உட்கார்ந்தேன். வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் கார்ட்டுக்குக் கிடையாது, பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி திரும்பும், இல்லையென்றால் இழுத்துப் பிடித்து எஞ்சினை அமுக்கிவிடும். சஸ்பென்ஷனும் இல்லை என்பதால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியது முன் சக்கரத்தின் சாய்வும் சட்டம் முறுக்கிக்கொள்வதும்தான். அது நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பின் சக்கரம் மாட்டுகிற ஹப்பை உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன். சீட்டை இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். நாலாம் நாள் சித்தப்பா போனில் எடுத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கச் சக்கரம் ஒரு விரல் உயரம் எழும்பி இறங்குகிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். நேர்ப்பாதை முடிகிற அந்த மெதுவான வளைவில், பின்னால் வருகிறவன் மூக்கை உள்ளே நுழைக்கிறான். அவன் இன்னும் உன் பின் சக்கரத்துக்குக்கூட வந்து சேரவில்லை. வளைவு உன்னுடையது. நீ ஸ்டியரிங்கைத் தளர்த்தி அவனை விட்டுவிடுகிறாய். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை, ஆறு பேருக்கு.

அம்மாவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள், "அந்த ஆக்ஸில் வளஞ்சப்ப நீங்க போன்ல பேசினத அவ கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கு முந்தின பந்தயத்தில் எவனோ பக்கவாட்டில் இடித்து ஆக்ஸில் வளைந்ததும் சூரமங்கலத்தில் லேத் பட்டறைக்கு எடுத்துப்போனோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, வளைவை ஊசியால் காட்டுகிற டயல் கேஜை வைத்தார்கள். ஊசி ஒரு இடத்தில் நிற்காமல் கிடுகிடு என்று ஆடியது. தட்டி நிமிர்த்தினார்கள், மறுபடி சுற்றினார்கள், ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாய். புது ஆக்ஸில் ஒரு மாதக் கடை வாடகைக்குச் சமம் என்று அன்று ராத்திரி மாமாவிடம் போனில் சொன்னது நான்தான். "இன்னொரு தடவ வளஞ்சா ஓட்டம் அவ்ளோதான்" என்றும் சொன்னேன். பணம் புரட்ட முடியாத எரிச்சலில் வந்த பேச்சு அது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ முழித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பதினாறு வயசுப் பிள்ளை, ஹெல்மெட்டுக்குள்ளே அப்பாவின் கடை வாடகையை நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாய். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது பாப்பா. தப்பு என்னுடையது. நீ என்னிடம் பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை, எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். அந்த மிச்சம் எனக்கு வேண்டாம்.

இன்னொரு தப்பும் என் கணக்கில் இருக்கிறது. மலை ரோட்டின் அடியில் பட்டறை வைத்திருக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இருபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, சக்கரம் புகைய நம் வாசலில் வந்து நிற்பார்கள். பத்து வயசிலேயே அந்த வாசனையை வைத்து, "இவரு நியூட்ரல்ல எறங்கியிருக்காருப்பா" என்று நீ சொல்லிவிடுவாய். ஏறுகிற கியரிலேயே இறங்கு, ஏறி வருகிறவனுக்கு வழி விடு, சந்தேகம் வந்தால் நிறுத்து என்றுதான் உனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். நாளைக்கு லைசென்ஸ் வாங்கி ஏற்காட்டு ரோட்டில் ஓட்டும்போது அதில் ஒரு சொல்லைக்கூட மறக்காதே. எதிரே வருகிற பஸ்ஸில் அறுபது உயிர் இருக்கிறது. ஆனால் பந்தயப் பாதையில் எதிரே யாரும் வருவதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போகிறார்கள், எல்லோரும் தெரிந்தே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வழி விடுவது மரியாதை ஆகாது. இதை நான் முன்னாடியே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தேர்வில் வண்டி அவர்களுடையது. சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த நம்பர் வருகிறதோ அதில்தான் உட்காரப் போகிறாய். ஆக்ஸில் அவர்களுடையது, டயர் அவர்களுடையது, பம்பரும் அவர்களுடையதுதான். வளைந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், காகிதத்தில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதற்காக எவனையும் இடித்துத் தள்ளு என்று சொல்லவில்லை. அது உனக்கு வரவும் வராது. வளைவு உன்னுடையதாக இருக்கும்போது அதை விட்டுக் கொடுக்காதே என்றுதான் சொல்கிறேன். உன் கோட்டில் நீ நில், உரசினால் உரசட்டும். பந்தயம் முடிந்து பார்க்கும்போது உன் வண்டியின் பம்பரில் நாலு கீறலாவது இருக்க வேண்டும்.

நல்ல வண்டி கிடைக்கவில்லை என்றால் கலங்காதே. அவர்கள் வேகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். பிரேக் கொஞ்சம் இழுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தைப் பத்துச் சுற்றுக்குத் திரும்பத் திரும்ப யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான், வண்டி நேராக இருக்கும்போதே மிதித்து முடித்துவிடு, திருப்பிக்கொண்டே மிதித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

பேட்டியில் ஆங்கிலம் வராதே என்று அம்மாவிடம் அழுதாயாம். வண்டியிலிருந்து இறங்கியதும் என்னிடம் என்ன சொல்வாய்? "உள்ள நுழையறப்ப முன் டயர் கடிக்கல, பாதி வளைவுல கடிக்குது, வெளிய வர்றப்ப பின்னாடி வழுக்குது." இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். மெக்கானிக்குக்கு வேண்டியது அதுதான். "வண்டி சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவனை வைத்து ஒரு நட்டைக்கூடத் திருப்ப முடியாது. தெரிந்த ஆங்கிலத்தில் சொல், மிச்சத்தைக் கையால் காட்டு. அவர்களுக்குப் புரியும்.

உன் முதல் வண்டி உனக்கு நினைவிருக்கிறதா? ஓசூரில் 1980இல் செய்ய ஆரம்பித்த டிவிஎஸ் 50 எஞ்சினைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி, பைப்பை வளைத்துச் சட்டம் பற்றவைத்து, உனக்கு எட்டு வயசில் செய்து கொடுத்தேன். கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். அரவை இல்லாத நாளில் ஜவ்வரிசி மில் களத்தில் ஓட்டுவாய். மாவு காயப்போடுகிற சிமெண்ட் களம், வழவழ என்றிருக்கும். பின் சக்கரம் வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப உனக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயே திருப்பினாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இவகிட்ட என்னமோ இருக்குது" என்றேன்.

செட்டிபாளையத்தில் பந்தயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்தப் பாதைக்குப் பேர் வந்த கரிவரதனைப் பற்றிச் சொன்னேன். மாருதி எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்று பந்தயக் கார் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் கட்டிய காரில் ஓடினவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். நரேனைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவரும் உன்னை மாதிரி ஒரு தேர்வுக்குப் போனவர். 1992இல் பிரான்சில் எல்ஃப் என்ற எண்ணெய்க் கம்பெனி நடத்திய தேர்வு. அரையிறுதி வரைக்கும் வந்தார், ஜெயிக்கவில்லை. திரும்பி வந்து இங்கேதான் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். நடுவில் பதின்மூன்று வருஷம். 2011இல், அப்போது ஃபார்முலா 1இல் ஓடிக்கொண்டிருந்த ஃபோர்ஸ் இந்தியா அணி நாடு முழுக்கத் தேடி மூன்று பையன்களை எடுத்தது. அதில் ஜெஹான் தாருவாலா ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே இருக்கிற ஃபார்முலா 2 வரை போய்ப் பந்தயங்கள் ஜெயித்தார். ஆக இந்தத் தேர்வில் எடுத்தாலும் வழி இருக்கிறது, எடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. எடுக்காவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போ, பட்டறையில் வண்டி உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வளையல் இரண்டு அடகில் இருக்கிறது, உனக்கே தெரியும். மாசாமாசம் வட்டி கட்டிக்கொண்டு வருகிறேன். ஆடிக்குள் ஒன்றை மீட்டுவிடுவேன். மலைக்குக் கூட்டம் வருகிற சீசன், பட்டறையில் வேலை இருக்கிறது. இது எனக்கும் அம்மாவுக்கும் உள்ள கணக்கு. நீ ஒல்லி என்பதால் எடை பத்தாமல் உன் சீட்டில் ஈயக்கட்டி திருகுவோமே, ஆட்டம் போடாமல் இருக்க இரட்டை நட் போட்டு? சனிக்கிழமையும் அவர்கள் திருகுவார்கள். நீ சுமக்க வேண்டியது அந்த ஈயம் மட்டும்தான்.

பைக்குள் புது கையுறை வைத்திருக்கிறேன். பழையதில் வலது உள்ளங்கை கிழிந்திருந்தது, நீ சொல்லவே இல்லை. இனிமேல் எது கிழிந்தாலும் என்னிடம் சொல். விலா எலும்புக்குப் போடுகிற காப்பை மறக்காமல் மாட்டிக்கொள், பழக்கமில்லாத சீட் இடிக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறேன். பிட்டுக்குப் பக்கத்தில் வரமாட்டேன், ஸ்டாப்வாட்சும் எடுத்து வரமாட்டேன். நேர்ப்பாதை முடிகிற வளைவில் வேலிக்கு வெளியே, நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன்.

அன்புடன்,
அப்பா