ஒரு டியூபுக்குத் தொண்ணூறு ரூபாய்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் உன் மகளை நீ முதுகில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு வாரம் நல்ல மழை. தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடியது. மழை விட்ட மறுநாளே பழைய வெயில்.

கவிதாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. கன்னத்திலும் மூக்கிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி சிவப்பு படர்ந்ததை முதலில் வேர்க்குரு என்றுதான் நினைத்தோம். இப்போது மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் வெயில் பட்டால் போச்சு. தடிப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. மூட்டுவலி, காய்ச்சல் என்று உள்ளே அடங்கியிருக்கும் நோயே கிளம்பிவிடுகிறது. அதனால் டாக்டர் மாத்திரை எழுதும் அதே சீட்டில் சன்ஸ்கிரீனும், அதுதான் வெயிலைத் தடுக்கும் களிம்பு, எழுதுகிறார். பள்ளிக்கூட வேலைக்கு தினமும் பஸ்ஸில் போகிறாள். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வருமாம், எனக்கு அது தெரியாது. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, முகம், கழுத்து, கை எல்லாம் பூசினால் 50 கிராம் டியூப் பத்து நாள்தான் வருகிறது.

போன கடிதத்தில் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வரி எழுதியிருந்தாய்: ‘இங்கே சன்ஸ்கிரீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பால், காய்கறி மாதிரி.’ அதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப் பில்லை எடுத்து உட்கார்ந்தேன். டியூப் 590 ரூபாய். அதில் சரக்கு 500, வரி 90. அதே பில்லில் மாத்திரைக்கு 5 சதவீதம், அதற்குக் கீழேயே சன்ஸ்கிரீனுக்கு 18. ஒரே சீட்டு, ஒரே நோய், இரண்டு வரி. மாதம் மூன்று டியூப் என்றால் வரி மட்டுமே 270 ரூபாய். மூன்று டியூபுக்கு மொத்தம் 1,770. தனியார் பள்ளியில் அவள் வாங்குவது பன்னிரண்டாயிரம், செல்வி. ஏழில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

ஜிஎஸ்டி வந்த 2017-இல் இது 28 சதவீதம். அந்த நவம்பரிலேயே 18 ஆக்கினார்கள். அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. முகத்துக்குப் போடும் பவுடருக்கு 5. குடைக்குக்கூட 5. சன்ஸ்கிரீன் மட்டும் அழகுசாதனம் என்ற வரிசையில் 18-லேயே நிற்கிறது. வெயிலைத் தடுக்கக் குடை பிடித்தால் ஒரு வரி, களிம்பு பூசினால் மூன்று மடங்குக்கு மேல் வரி. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

என் தம்பி ஆடிட்டர் அல்லவா, அவனிடம் சொன்னேன். ‘கறுத்த தோலுக்கு தோல் புற்றுநோய் அபூர்வம் அக்கா. ஆஸ்திரேலியாவோடு நம்மை ஒப்பிடக் கூடாது’ என்றான். அது உண்மைதான். உன் ஊருக்கு வடக்கே நாம்பூரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை வைத்து ஆராய்ந்ததைப் படித்தேன். தினமும் பூசச் சொன்னவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பிறகு பத்து வருடம் கவனித்ததில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயும் பாதிதான். அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் லூபஸ் இருக்கிறது. பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை நம் ஊர் வெயிலே புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகலாம். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடம் வெந்துபோகிறது. இவர்கள் யாரும் அழகுக்காக வாங்கவில்லை.

‘வரியைக் குறைத்தால் நிறம் கூட்டும் க்ரீம்காரனும் சன்ஸ்கிரீன் என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவான்’ என்றான். இதற்கு உன் நாட்டிலேயே பதில் இருக்கிறது. எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவு, 15-க்குக் குறையக் கூடாது, மருந்துப் பொருள் பதிவேட்டில் இருக்க வேண்டும், முக்கியமாக சன்ஸ்கிரீன் என்றே விற்க வேண்டும். கொஞ்சம் எஸ்பிஎஃப் சேர்த்த மேக்கப் அதில் வராது. கோடு போட முடியும், போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

வரியே வேண்டாம் என்று கேட்கலாமா என்று முதலில் யோசித்தேன். அந்த விஷயத்தில் தம்பி சொன்னது நல்ல யோசனை. 2018 ஜூலையில் சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத வரியை முழுதாக எடுத்தார்கள், நாமெல்லாம் சந்தோஷப்பட்டோமே. ஆனால் இங்கே விலக்கு கொடுத்துவிட்டால், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கம்பெனி கழித்துக்கொள்ள முடியாது. அது விலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் 5 சதவீதம் கேட்பதுதான் சரி. டியூப் 525-க்கு வரும். வருடத்தில் கவிதாவுக்கு 2,340 ரூபாய் மிஞ்சும், கம்பெனி குறைப்பை நமக்குக் கொடுத்தால்.

எதற்கு எவ்வளவு வரி என்று பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநில நிதியமைச்சர்களும் உறுப்பினர்கள்தானே. அதனால் நம் மாநில அமைச்சருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனையில் கவிதாவோடு வரிசையில் உட்காரும் பெண்களிடம் பேசினேன். ஒரு அம்மா மாதம் ஒரு டியூபை வைத்தே மகளுக்கு ஒப்பேற்றுகிறாளாம், முகத்துக்கு மட்டும். கையை முந்தானையால் மூடிக்கொள்ளச் சொல்வாளாம். அவளும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

ஜனவரியில் வருகிறாய் அல்லவா? பம்ப் வைத்த பெரிய பாட்டில் ஒன்று கவிதாவுக்கு வாங்கி வா. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, மனுவோடு இணைக்க வேண்டும். பாளையங்கோட்டையில் நம் ஹாஸ்டல் எதிரே இருந்த அந்த வேப்பமரம் இன்னும் நிற்கிறது, வந்ததும் போய்ப் பார்க்கலாம்.

உன்,
மரகதம்