மூலத்தை மாற்றினால் துரோகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அனிமே (ஜப்பானிய அசைபடம்) கட்டுரையை ஆவலோடு படித்தேன். இந்தக் கலைக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை கையில் எடுத்தது ஒரே அளவுகோலைத்தான்: மூலமான மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) உள்ளதை அப்படியே எடுத்திருந்தால் வெற்றி, மாற்றியிருந்தால் துரோகம். எங்கள் நண்பர்களுக்குள் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் இங்கேயே வந்து நின்றுவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்து மங்காவையே பாருங்கள். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்தது; 31 தொகுதிகள். தொலைக்காட்சித் தொடர் 101 பகுதிகள் ஓடியும், சன்னோ என்ற எதிரணியுடனான அந்தப் பெரிய ஆட்டத்தைத் தொடாமலே முடிந்துபோனது. கால் நூற்றாண்டு கழித்து, 2022இல், இனோவேயே அதைத் திரைப்படமாக இயக்கினார். ஆனால் மங்காவின் நாயகன் சகுராகியைச் சற்று ஒதுக்கி நிறுத்திவிட்டு, அதே அணியில் ஆடும் ரியோட்டா மியாகியின் கதையாக அதைச் சொன்னார். மங்காவில் இல்லாத ஒரு குடும்பத் துயரத்தையும் மியாகிக்குக் கொடுத்தார். படைத்தவரே மாற்றியிருக்கும்போது துரோகி என்று யாரைச் சொல்வது?

மங்காவில் அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பேச்சுக் குமிழிகள் ஏறக்குறைய மறைந்துவிடும். பக்கம் பக்கமாக ஓடும் உடல்களும் பந்தும்தான். அங்கே வேகம் நம் விரலில் இருக்கிறது. முதல் தடவை பக்கங்களைப் பறக்கவிட்டேன். இரண்டாம் தடவை கட்டத்துக்குக் கட்டம் நின்று பார்த்தேன். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். இடப்பக்கத்தின் கீழ் இடது மூலைக்குக் கண் வந்து சேரும்போது, அடுத்து நடக்கப்போவது தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. திரையில் தாள் இல்லை; எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் நொடிகள் ஓடுகின்றன. இனோவே என்ன செய்தார்? ஒலியை எடுத்துவிட்டார். அதுவரை இருந்த ஆரவாரமும் காலணிகளின் கிறீச்சொலியும் அடங்கிய அந்தக் கணத்தில் நான் மூச்சுவிடவும் தயங்கினேன். தாளைத் திருப்பும் முன் விரல் தயங்குமே, அந்தத் தயக்கத்தைக் காதுக்கு மாற்றித் தந்துவிட்டார்!

“சகுராகியின் ஆட்டத்தை மியாகிக்குக் கொடுத்துவிட்டார்கள்” என்று என் நண்பர் ஒருவர் இன்றும் வருந்துகிறார். சகுராகியின் குறும்புகள் பல விடுபட்டதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஒருநாள் அந்த மௌனப் பக்கங்களை விரித்துவைத்து, எந்தக் கட்டம் ஏன் பெரிதாகிறது, பார்வை எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று இருவரும் பேசத் தொடங்கினோம். இரவாகியும் பேச்சு ஓயவில்லை. எது உசத்தி என்ற கேள்வி ஒருமுறைகூட எழவில்லை.

அப்படிப்பட்ட பேச்சுக்கு உங்கள் இதழ் இடம் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அடுத்த முறை மங்கா பற்றி எழுதும்போது கதைச்சுருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, உரிய அனுமதியோடு ஒரே ஒரு பக்கத்தையாவது முழுதாக அச்சிடுங்கள். இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். வரைந்தவர் வைத்த திசையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி