அப்பா மாத்திரையும் உன் மாத்திரையும்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "அப்பா போடுற பி.பி. மாத்திரையே கால்சியத்தைத் தடுக்கிறதுதானாம், அப்போ கர்ப்பமா இருக்கிற எனக்கு எதுக்கும்மா கால்சியம் மாத்திரை?" என்று கேட்டாய். பத்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாய். கேட்டதில் தப்பில்லை. நிறுத்தியதுதான் தப்பு.

அப்பா போடும் அம்லோடிபின் என்ற அந்த பி.பி. மாத்திரை ரத்தத்தில் ஓடும் கால்சியத்தைக் குறைப்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை இறுகும், குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். அந்த வாசலை மட்டும்தான் அது அடைக்கிறது. சாயங்காலம் அப்பாவின் கணுக்காலை அழுத்தினால் குழி விழுமே, குழாய் தளர்வதால் வரும் அந்த வீக்கமும் இந்த மாத்திரையின் வேலைதான்.

நீ சாப்பிடும் கால்சியத்தின் கணக்கு வேறு. சாப்பாட்டில் குறைந்தாலும் ரத்தம் தன் அளவை விட்டுக்கொடுக்காது. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். அந்த ஹார்மோன் கூடும்போது குழாய்த் தசைக்குள்ளும் கால்சியம் ஏறுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம்.

மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்கள் அந்தக் காலத்தில் ஏழைகள், கர்ப்பகாலக் கவனிப்பும் குறைவு. ஆனாலும் கர்ப்பத்தில் பி.பி. ஏறி வரும் பிரசவ வலிப்பு அவர்களுக்கு அபூர்வமாக இருந்தது. மக்காச்சோளத்தைக் கால்சியம் உள்ள சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அதைக் கவனித்துத்தான் 1980-ல் பெலிசான், வில்லார் என்ற ஆராய்ச்சியாளர்கள் கால்சியத்தையும் கர்ப்பகால பி.பி.யையும் முடிச்சுப் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும், உணவில் கால்சியம் குறைவாக உள்ள கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையைச் சிபாரிசு செய்கிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், கர்ப்பகால பி.பி. சிக்கலைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம்கூட 1,500-க்கு ஈடாக நின்றது.

நான் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் ராத்திரி, எட்டு மாசப் பெண் ஒருத்தியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியிலேயே வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடித்துக்கொண்ட நாக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை என் முந்தானையால் துடைத்துக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. அவள் பி.பி. பார்க்க வந்ததே ஒரே ஒரு தடவைதான்.

உனக்கு எழுதிக் கொடுத்தபடி 500 மில்லிகிராம் இரண்டு வேளை, சாப்பிட்டவுடன் போடு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. நடுவில் நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். பி.பி. 140/90-ஐத் தொட்டாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, முகம் திடீரென்று வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரை போடுகிறோமே என்று பி.பி. பார்ப்பதை விட்டுவிடாதே.

இரண்டு கிலோ கேழ்வரகு மாவு பார்சலில் வருகிறது. நம்ம தருமபுரிக் கேழ்வரகு, நானே முளைகட்டி, நிழலில் உலர்த்தி அரைத்தது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு. விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா