கழிப்பறைகளுக்கான கை உலர்த்தும் கருவிகள்: பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கடையடைத்துவிட்டு நேரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும் என் பணிவான வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருக்கிறார். சந்தா நிலுவை, மாடிப்படிப் பழுது, காவலாளி நியமனம் ஆகியவை மாதக் கூட்டக் குறிப்புகளில் ஏற்கெனவே உங்கள் பார்வைக்கு வந்துவிட்டன. ஆகவே, செயற்குழு இந்த ஆண்டில் மிகுதியாக நேரம் செலவிட்ட ஒரே பொருளுக்கு இவ்வறிக்கையை ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன். நமது கட்டடத்தின் கீழ்த்தளப் பொதுக் கழிப்பறைகளிலும் மேல்தளத் திருமண மண்டபத்தின் கழிப்பறைகளிலும் உள்ள பழைய ஹேண்ட் டிரையர்களை அகற்றிவிட்டு, அதிவேகக் கருவிகளை வாங்கலாமா, வாங்கினால் எந்த வகையை வாங்குவது என்று ஆராய்ந்து சொல்லுமாறு சென்ற பொதுக்குழு பணித்திருந்தது.

பழைய கருவிகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். கையை நீட்டினால் வெதுவெதுப்பான காற்று மெதுவாக வரும். நாற்பது விநாடி நின்றாலும் விரல் இடுக்குகளில் ஈரம் அப்படியே இருக்கும். பெரும்பாலோர் பத்தாவது விநாடியிலேயே சலித்துப்போய் வேட்டியிலோ முந்தானையிலோ துடைத்துக்கொண்டு வெளியேறுவர். இதைக் கருவியின் பழுது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த வகைக் கருவி ஈரத்தைச் சூட்டினால் ஆவியாக்குவதையே நம்பியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம் சுமந்து நிற்கும் நம் ஊரில், மூடிய கழிப்பறைக்குள் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். அதிவேகக் கருவியின் வேலை முறை வேறு. அது நீரை ஆவியாக்குவதற்குக் காத்திராமல், மெல்லிய துளை வழியே மிகுந்த வேகத்தில் காற்றைப் பாய்ச்சி, தோலின் மேலுள்ள நீரை வழித்துத் தள்ளுகிறது. நனைந்த கண்ணாடியைத் துணியால் துடைப்பதற்கும் வெயிலில் காய வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

கைகளைப் பள்ளத்துக்குள் இறக்கி இருபுறமும் காற்று பாய உலர்த்தும் வகையை ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் 1993இல் ஜெட் டவல் என்ற பெயரில் கொண்டுவந்தது. கைகளைக் கருவிக்குக் கீழே நீட்டும் வகையில், அமெரிக்காவின் எக்ஸெல் டிரையர் நிறுவனத்தின் எக்ஸ்லரேட்டர் 2000களின் தொடக்கத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்றது. 2006இல் பிரிட்டனின் டைசன் நிறுவனம் ஏர்பிளேடு கருவியை வெளியிட்ட பிறகே விமான நிலையங்களிலும் வணிக வளாகங்களிலும் இவ்வகைக் கருவிகள் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கின. இன்று இவ்விரு வடிவங்களையும் ஒட்டிய பல கருவிகள், நம் நாட்டுத் தயாரிப்புகள் உட்பட, பல விலைகளில் கிடைக்கின்றன.

மின்செலவைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. 2,000 வாட் பழைய கருவி 40 விநாடி ஓடினால் ஆயிரம் முறைக்கு ஏறத்தாழ 22 யூனிட் செலவாகும். 1,600 வாட் அதிவேகக் கருவி 12 விநாடியில் வேலையை முடித்தால் ஆயிரம் முறைக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். டைசன் 2019இல் வெளியிட்ட ஒரு மாதிரிக்கு 9கேஜே என்றே பெயர். 900 வாட் 10 விநாடிக்கு ஓடினால் ஒன்பது கிலோஜூல் ஆற்றல் என்ற கணக்கே அந்தப் பெயர். அதன்படி ஆயிரம் முறைக்கு இரண்டரை யூனிட் போதும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு புதிய கருவிகளுக்கு இடையே மின்கட்டணத்தில் ஆயிரம் முறைக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வேறுபாடு வராது. ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதில் மிச்சம் உண்டு. புதியவற்றுக்குள் ஒன்றைத் தேர்வதற்கு மின்கட்டணம் முதற்காரணமாக இருக்க வேண்டியதில்லை. விற்பனையாளர்கள் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டியது இந்த வாட் கணக்கைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சூடேற்றும் வசதி நமக்குத் தேவையில்லை என்று செயற்குழு ஒருமனதாகக் கருதுகிறது. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் சூடில்லாக் காற்று கையைக் குத்தும். அங்கே அது தேவைப்படலாம். நம் ஊரில் மோட்டாரின் வெப்பத்தோடு வரும் காற்றே போதுமான இதத்தோடு இருக்கிறது.

தூய்மை குறித்த வாதங்களைப் படிக்கும்போது, ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேகக் காற்றுக் கருவியின் அருகே காற்றில் இருந்த பாக்டீரியா, காகிதத் துண்டால் துடைக்கும் இடத்தைவிட 27 மடங்கு மிகுதியாக இருந்தது. அந்த ஆய்வுக்கு ஐரோப்பியக் காகிதத் துண்டுத் தயாரிப்பாளர்களின் அமைப்பு நிதியளித்திருந்தது. காகிதத் துண்டைவிட வேகக் கருவியே சுற்றுச்சூழலுக்குக் குறைந்த சுமை என்று 2011இல் முடிவு சொன்ன மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வை டைசன் நிறுவனம் கேட்டு வாங்கியிருந்தது. இரண்டையும் பொய் என்று தள்ளவில்லை; ஒவ்வொன்றும் எந்தக் கேள்வியைக் கேட்டதோ அதற்கு மட்டுமே விடை என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. கழிப்பறையில் ஓடும் கருவியின் காற்றில் 30 விநாடி காட்டிய சோதனைத் தட்டுகளில் சராசரியாக 18 முதல் 60 வரையிலான பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்தன. கருவி நின்றிருந்தபோது இரண்டு நிமிடம் திறந்து வைத்த தட்டுகளில் சராசரி ஒன்றைத் தாண்டவில்லை. கருவி கிருமிகளைத் தானாக உண்டாக்குவதில்லை. கழிப்பறைக் காற்றில் இருப்பதை இழுத்துக் கையில் ஊதுகிறது. அதே கருவிகளில், காற்றிலுள்ள நுண்ணிய தூசியையும் கிருமிகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டியைப் பொருத்தியபோது எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தது. அதாவது, வடிகட்டி உள்ள கருவி தேவை. அதைவிட முதன்மையாக, நம் கழிப்பறைக் காற்று நன்றாக வெளியேற வேண்டும். கீழ்த்தளத்தில் ஓடாமல் நிற்கும் எக்ஸாஸ்ட் மின்விசிறியைச் சரிசெய்யாமல் எந்தக் கருவியை மாட்டினாலும் அது அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி வீசும்.

ஈரக் கை உலர்ந்த கையைவிட மிகுதியாகக் கிருமிகளைத் தொட்ட இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்பதை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1997லேயே காட்டிவிட்டனர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 99 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துணி, காகிதம், சூடான காற்று, தானாக உலரவிடல் ஆகிய நான்கு முறைகளுக்கிடையே கையில் எஞ்சிய பாக்டீரியா எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எந்த முறையில் உலர்த்தினோம் என்பதைவிட, முழுமையாக உலர்ந்த பிறகு வெளியே வந்தோமா என்பதே என் கணக்கில் பெரிய கேள்வி. மக்கள் பொறுமையிழக்கும் முன் உலர்த்தி முடிக்கும் கருவியே நமக்கு வேண்டும். வேகத்துக்கு நாம் தரும் விலைக்கு நியாயம் அதுதான்.

இதற்காக மூன்று விற்பனையாளர்களிடமிருந்து மாதிரிக் கருவிகளைப் பெற்று, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கீழ்த்தளத்தில் மாட்டிப் பார்த்தோம். உலர்த்தி வெளியே வருபவர்களிடம் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கொடுத்து, கைகளுக்கிடையே வைத்து அழுத்தித் தரும்படி கேட்டுக்கொண்டோம். எளிய சோதனைதான், ஆனால் காகிதம் நமுத்து வந்ததா, அப்படியே வந்ததா என்பதை யாரும் மறுக்க முடியாது. கைகளைப் பள்ளத்துக்குள் இறக்கும் வகையில் கையை மெதுவாக மேலே இழுத்தவர்களுக்கு மிக நன்றாக உலர்ந்தது. ஆனால் அவசரமாக உருவியெடுத்தவர்களும், விளிம்பில் கை பட்டுவிடுமோ என்று தயங்கிய முதியவர்களும் ஈரத்தோடு திரும்பினர். அந்தப் பள்ளத்தின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் எடுத்துக் கொட்ட வேண்டும் என்பதும், வெற்றிலைக் காம்பையும் பாக்குத்தாளையும் அதற்குள் போடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதும் அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டன. துப்புரவுப் பணி செய்யும் அம்மாக்கள் இருவரும் அந்த வகை வேண்டாம் என்று தாமாகவே வந்து சொன்னார்கள். நாள்தோறும் அதைக் கையாளப் போகிறவர்கள் அவர்களே என்பதால் அவர்கள் சொல்லுக்குச் செயற்குழு முழு மதிப்பு கொடுத்தது.

கீழே கை நீட்டும் வகையில் இந்தத் தொல்லைகள் இல்லை. வழிந்த நீர் தரையிலும் சுவரிலும் தெறிப்பதே அதன் குறை. கருவிக்கு அடியில் டைல்ஸ் இல்லாத சுவராக இருந்தால் சில மாதங்களில் சுண்ணாம்பு உரியும். தரையும் வழுக்கும்.

சத்தத்தைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாதிரி மூன்றிலும் வேகமானது. அது மாட்டியிருந்த வாரத்தில் கடைக்கு வந்த என் பேத்தி, கருவி இயங்கியதும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கையிலிருந்த சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்தாள். அன்று முழுவதும் அந்தக் கழிப்பறைக்குள் போக மறுத்தாள். குழந்தை பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு சிறுமி, பொது இடங்களில் இருந்த 44 கருவிகளின் சத்தத்தைக் குழந்தைகளின் காது உயரத்தில் வைத்து அளந்து, அந்த முடிவுகள் 2019இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்திருப்பதை அறிந்தேன். சில கருவிகள் 100 டெசிபலைத் தாண்டின. கனடாவில் அந்த அளவைத் தாண்டிச் சத்தமிடும் பொம்மைகளை விற்கவே தடை உண்டு. தயாரிப்பாளர் அச்சிடும் டெசிபல் எண் பெரியவர் நிற்கும் தொலைவைக் கருதியது. குழந்தையின் காதோ காற்று வெளிவரும் வாய்க்கு நேரே இருக்கிறது. பாயும் காற்றில் கை குறுக்கிடும்போது சத்தம் மேலும் ஏறுகிறது; நான்கு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய சிறிய அறையில் அது எதிரொலித்துப் பெருகுகிறது. கை கழுவப் பழகும் வயதில் ஒரு குழந்தை கழிப்பறையைக் கண்டு அஞ்சுமானால், நாம் செலவழித்தது தவறான பொருளுக்கு. ஆகவே வேகத்தில் சில விநாடி குறைந்தாலும் சத்தம் குறைந்த கருவியையே தேர்வது என்று செயற்குழுவில் நான் வாதிட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏற்றனர்.

உறுதி குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் விலை மலிவு. ஆனால் பிரஷ் தேய்ந்துகொண்டே வரும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்தத் தேய்மானம் இல்லை. நம் கழிப்பறைகளை ஹோஸ் குழாயால் அடித்துக் கழுவுவதால், எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 தரத்துக்குக் குறைந்த கருவி கூடாது. கழுவும்போது கருவியின் மேல் நேராக நீர் அடிக்காமலும், ஆசிட் ஊற்றுவதை நிறுத்தியும் பணியாளர்களுக்கு உதவ வேண்டியது நம் பொறுப்பு. 230 வோல்ட்டில் 1,600 வாட் கருவி ஒன்று ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். நாம் வாங்க எண்ணும் நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடினால் 28 ஆம்பியர். பழைய வயரிங்கை மாற்றி, மின்சுமை மிகுந்தால் தானாக அணையும் தனி எம்.சி.பி. சுவிட்சும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தாமல் கருவியை மாட்டக் கூடாது என்று நமது மின்பணியாளர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

மண்டபத்தின் பந்திக்கூடத்தை ஒட்டிய கை கழுவும் இடத்திலும் இவற்றை மாட்ட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தனர். அதைச் செயற்குழு ஏற்கவில்லை. ஒரு பந்தியில் இருநூறு பேர் பத்து நிமிடத்துக்குள் எழுந்து வருகிறார்கள். வருவதும் நகர்வதும் சேர்த்து ஒருவருக்கு இருபது விநாடி என்றால், ஒரு கருவி பத்து நிமிடத்தில் முப்பது பேரையே உலர்த்தும். இரண்டு கருவி மாட்டினாலும் நூற்று நாற்பது பேர் ஈரக் கையோடு தாம்பூலப் பையை வாங்குவார்கள். அங்கே காகிதத் துண்டே ஏற்றது. அதற்கு மூடியுள்ள குப்பைத்தொட்டியும், பந்திக்குப் பந்தி அதை எடுத்துக் கொட்ட ஓர் ஆளும் தேவை. கழிப்பறைகளிலும் கருவியோடு ஒரு காகிதப் பெட்டி இருக்கட்டும். மின்வெட்டு நேரத்துக்கும், முகம் கழுவியவர்களுக்கும், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அது தேவைப்படும்.

ஆகவே, கீழே கை நீட்டும் வடிவம், சூடேற்றி இல்லாமை, பிரஷ்லெஸ் மோட்டார், கழற்றி மாற்றத்தக்க ஹெப்பா வடிகட்டி, வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி ஆகியவை கொண்ட நான்கு கருவிகளை, எக்ஸாஸ்ட் மின்விசிறியும் வயரிங்கும் சரிசெய்யப்பட்ட பிறகு வாங்குவதென்றும், வடிகட்டியின் விலையையும் மாற்ற வேண்டிய காலத்தையும் எழுத்தில் தரும் விற்பனையாளரிடம் மட்டுமே விலைப்புள்ளி கேட்பதென்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பணம் தரும் முன் கருவி இயங்கும்போது குழந்தையின் காது உயரத்தில் நம் கழிப்பறையிலேயே சத்தத்தை அளந்து பார்ப்பது என்ற நிபந்தனையையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம். பெண்கள் கழிப்பறையில் ஒரு கருவியைச் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் எட்டும் உயரத்தில் மாட்டலாமா என்பதில் மட்டும் செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. தாழ்த்தி மாட்டினால் குழந்தையின் காதுக்குச் சத்தம் இன்னும் அருகே வரும், உயர்த்தினால் கை எட்டாது. அக்கழிப்பறையைப் பயன்படுத்தும் மகளிர் உறுப்பினர்கள் இன்றே தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டு, இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்