தோட்டக் கோயில்களில் வேன் நிறுத்த இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நம் ஆட்கள் கட்டிய தோட்டக் கோயில்களின் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். கேம்பர் வேனில் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு உங்கள் கோயில் வளாகத்தில் ஓர் இரவு தங்க இடம் கொடுங்கள். அப்படித் தங்குகிறவர்களிடம் உங்கள் தோட்டத்தின் கதையைச் சொல்ல ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். கேட்பது இவ்வளவுதான், ஆனால் ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நான் சுங்கை சிப்புட்டில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாகப் படித்த கூட்டாளிகள் இன்றைக்கும் நல்லது கெட்டதுக்குச் சேர்ந்துதான் நிற்கிறோம். தீபாவளி முடிந்த கையோடு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஈப்போவில் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பேராக்கிலும் கெடாவிலும் இருக்கிற சரித்திர இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். இந்த மழையில் எதற்கு என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது அப்போதுதான், அதனால் போனோம்.

இந்த வேனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கை, சின்ன அடுப்பு, ஐஸ்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். கூரையில் சோலார் தகடு. பேட்டரியில் விளக்கும் விசிறியும் இரவு முழுக்க ஓடும், ஏர்கோன் போட வேண்டுமென்றால் வெளியிலிருந்து கரண்டு இழுக்க வேண்டும். ஆட்கள் குளிக்கத் தொடங்கினால் தண்ணீர் ஒரு நாளைக்குத் தாங்குவதே பெரிய விஷயம். ஆகவே, இப்படிப் பயணம் போகிறவர்களுக்குத் தேவை ஆடம்பரமான இடம் இல்லை: கெட்டியான தரை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, பக்கத்தில் நாலு மனிதர்கள். யோசித்துப் பாருங்கள், இதெல்லாம் இருக்கிற இடம் நம் தோட்டக் கோயில்தானே? திருவிழா நாட்கள் போக, மற்ற நாளெல்லாம் அந்த வளாகம் சும்மாதான் கிடக்கிறது.

முதலில் பத்து காஜா போனோம், கெல்லி கோட்டைக்கு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், தன் ரப்பர் தோட்டத்தில் 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனதால் வேலை அப்படியே நின்றுவிட்டது. லிப்ட் வைப்பதற்காக விட்ட இடத்தை இன்றும் பார்க்கலாம். மெட்ராஸ் பக்கமிருந்து ஆட்களும் செங்கல்லும் வந்தன என்பார்கள். நடுவில் 1918இல் ஸ்பானிய சளிக்காய்ச்சல் பரவியபோது வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்க, துரை கட்டிக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் கோயிலின் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக அவர் உருவமும் நிற்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் துரையின் பெயர் தெரியும், மனைவி பெயர் தெரியும், எந்த ஊரில் இறந்தார் என்பது வரை தெரியும். அந்தச் செங்கல்லைத் தலையில் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது எனக்கு உறுத்தியது. கோட்டை அழகாக இருக்கிறது, கட்டாயம் போய்ப் பாருங்கள், ஆனால் கோயிலையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம் கோலகங்சார். அங்கே மாவட்ட நில அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே அந்தப் பழைய பால்மரம், அதாவது ரப்பர் மரம், அதைப் பார்த்தோம். பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன, அதில் மிஞ்சியது இது. கூட்டாளி ஒருவன் பட்டையைத் தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அவன் அம்மா விரலெல்லாம் காய்ப்புக் காய்த்து, பால் வெட்டியே எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டவர்.

தைப்பிங்கில் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம். பேரா அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது, அதையும் பார்த்தோம், ஆனால் மனதில் நின்றது கல்லறைத் தோட்டம்தான். மலை அடிவாரத்தில், சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். புல்லை ஒட்ட வெட்டி, கல்லைக் கழுவி, பெயரும் படையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாதவருக்கும் ஒரு கல் உண்டு. எங்கோ பஞ்சாபிலிருந்து வந்த சிப்பாய்க்கு இந்த மழைக்காட்டு ஊரில் இவ்வளவு மரியாதை நடப்பதைப் பார்த்து மனம் நிறைந்துபோனது.

தைப்பிங்கைத் தாண்டி வடக்கே போகையில் மழை கொட்டித் தீர்த்தது. நெடுஞ்சாலை ஓய்வுப் பகுதியில் படுக்கலாம்தான், முந்தின இரவு அப்படித்தான் படுத்தோம். லாரிகள் விடிய விடிய எஞ்சினை அணைப்பதில்லை, கண்ணை மூட முடியவில்லை. சரி, உள்ளே போவோம் என்று ஒரு தோட்டத்துச் சாலையில் திருப்பினோம். இருபுறமும் செம்பனை, செம்மண் சாலை சேறாகிக் கிடந்தது. கோயில் வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஒருவன் இறங்கிக் குடையோடு நின்று உயரத்தைப் பார்த்துச் சொல்ல, மேலே ஒரு சாண் இடைவெளியில் வண்டியை உள்ளே விட்டேன். கோயில் தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்த ஊருப்பா நீங்க?” என்றார். சுங்கை சிப்புட் என்றதும் சொந்தம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மண்டபத்தைத் திறந்து, குழாயைக் காட்டி, கவிச்சி மட்டும் இங்கே சமைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்தின் பெயரை அவருடைய அனுமதி இல்லாமல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இரவு மழை விட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், காது மட்டும் கொஞ்சம் மந்தம். எங்கள் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. டார்ச் லைட்டை என் கையிலிருந்து வாங்கி, இருட்டில் செம்பனைக்குள் அடித்து அடித்துக் காட்டினார். “அந்த மூலையிலதாம்பா பெரட்டுக் களம். இருட்டோட நின்னு பேர் குடுக்கணும். கிராணி கூப்பிடறப்ப இல்லைன்னா அன்னிக்கிச் சம்பளம் போச்சு. இந்தப் பக்கம் ஆயக்கொட்டகை, அதுல ஒரு தூளியில எம் பெரியவன் கெடப்பான். அங்க பால் ஸ்டோர்.” பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணுவது, கிராணி என்றால் கணக்கர், ஆயக்கொட்டகை என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை. பட்டையில் உளியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், வெட்டு எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும், ஆழமாகப் போய் மரத்துக்குக் காயம் பட்டால் வேலையை மேற்பார்க்கிற தண்டல் என்ன பேச்சுப் பேசுவார் என்பதையெல்லாம் மண்டபத்துத் தூணிலேயே விரலால் இழுத்துக் காட்டினார். விரல் சாய்வாக இறங்கி, பால் வடிகிற மங்கு தொங்குகிற இடத்தில் சரியாக வந்து நின்றது. மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு எவ்வளவோ வருஷமாகிவிட்டது, அந்தக் கைக்கு மட்டும் இன்னும் எதுவும் மறக்கவில்லை.

நாங்கள் தைப்பிங் கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னபோது அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவருக்கு அப்போது விவரம் தெரியாத வயது. கூடப் போன பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு) ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, வாந்திபேதியில் போய்விட்டார் என்று அம்மாவிடம் சொன்னாராம். எந்த முகாம், எந்த நாள், எங்கே புதைத்தார்கள், எதுவும் தெரியாது. அப்பா கிளம்பிய தேதியிலேயே வருஷா வருஷம் படையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1942, 1943இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர். காலையில் நாங்கள் பார்த்த கல்லறைகளில் பெயர் தெரியாத சிப்பாய்க்கும் கல் இருந்தது. பாட்டியின் அப்பாவுக்கோ பெயர் உண்டு, ஊர் உண்டு, மகள் உயிரோடு எங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அந்த மனிதருக்கு இந்தப் பூமியில் ஒரு பலகைகூட இல்லை. அன்றைக்கு எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மெர்போக் போய் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் என்று நாம் பெருமையாகப் பேசுகிற மண். புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்கிற பழங்காலக் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை மழை ஈரத்தோடு பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஓடை சத்தம், மேலே ஜெராய் மலை. அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடித்துவிட்டார்கள், நாடே பேசிய விஷயம் அது. நூற்றாண்டுக் கணக்கில் நின்ற கட்டுமானத்துக்கே அந்தக் கதி என்றால், பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய நம் லயங்கள் என்ன ஆகும்? தோட்டம் கைமாறி தாமான் என்கிற குடியிருப்பு வந்தால் பெரட்டுக் களம் எது, ஆயக்கொட்டகை எது என்று காட்ட அந்தப் பாட்டி மாதிரி ஒருவர் இருந்தால்தான் உண்டு. அவர்களும் எத்தனை நாளைக்கு இருப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறேன், இது வெறும் வண்டி நிறுத்துகிற விஷயம் இல்லை. கேட்க ஆள் வந்தால்தான் பெரியவர்கள் வாய் திறக்கிறார்கள். சொந்தப் பேரன் கேட்பதில்லை, நம் வீட்டிலும் அதுதான் நிலைமை. வெளியூரிலிருந்து நாலு பேர் வந்து வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் வருகிறது. வருகிறவர் கைப்பேசியில் அதைப் பதிவு செய்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போகட்டும். கமிட்டி அதில் தெரிந்துகொண்டதை வைத்து ஒரு பலகை எழுதட்டும்: தோட்டத்தின் பெயர், லயங்கள் இருந்த இடம், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கமிட்டிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும், நானும் ஒரு கமிட்டியில் இருக்கிறேன். முன்பின் தெரியாதவனை எப்படி உள்ளே விடுவது? அடையாள அட்டையைப் பார்த்து, வண்டி எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குடி, கவிச்சி? முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், ஒத்துவராதவன் போகட்டும். கழிவுநீரைத் திறந்துவிடுவார்களா? அது நியாயமான பயம், சிலர் செய்கிறார்கள், பாத்திரம் கழுவிய தண்ணீராக இருந்தாலும் கோயில் வாசலில் விடக் கூடாது, தொட்டியிலேயே கொண்டுபோக வேண்டும், கழிப்பறைப் பெட்டியைக் கழிப்பறையில் மட்டும்தான் கொட்ட வேண்டும். ஓர் இரவுக்கு 20, 30 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் பில்லுக்காவது ஆகும். தமிழ்ப்பள்ளித் திடல்களையும் கேட்கலாமே என்று கூட்டாளிகள் சொன்னார்கள். அதற்குக் கல்வி இலாகா அனுமதி அது இதென்று இழுக்கும், பிள்ளைகள் பாதுகாப்பும் இருக்கிறது, கோயிலில் தொடங்குவதே சரி என்பது என் எண்ணம்.

எங்கள் சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்த அவசரகாலம் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிய முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். மகாத்மா காந்தி கலாசாலை என்கிற தமிழ்ப்பள்ளி இருக்கிற ஊர். இவ்வளவு இருந்தும் வடக்கே போகிறவர்கள் நெடுஞ்சாலையிலேயே எங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் இறங்கினால் தங்குவதற்கும் இடமில்லை, சொல்வதற்கும் ஆளில்லை.

எங்கள் கோயில் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கப்போகிறேன். ஏற்கெனவே இப்படி இடம் கொடுக்கிற கோயில்கள் எங்கேயாவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். குழாய் இருக்கிறதா, மழையில் தரை தாங்குமா, வளைவின் உயரம் எவ்வளவு, பேசுவதற்குப் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்பப் பல குடும்பங்கள் தயாராக இருக்கின்றன.

அன்புடன்,
பேருந்து ஓட்டுநர், கோயில் கமிட்டி உறுப்பினர்,
சுங்கை சிப்புட், பேராக்